எட்டு விநாடித் தண்ணீர்

ரமணர் 1896-ல் திருவண்ணாமலைக்கு வந்தார். 1899-லிருந்து விரூபாட்ச குகையில் வாசம். ஆனால் கோடை வந்துவிட்டால் ஜாகை மாறிவிடும். அவரும் கூட இருந்தவர்களும் மாமரத்துக் குகைக்குப் போய்விடுவார்கள். ஏதோ தத்துவக் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். விரூபாட்ச குகையில் வெயில் தாங்காது, தண்ணீரும் கிடைக்காது. மாமரத்துக் குகைக்குப் பக்கத்தில் முலைப்பால் தீர்த்தம் இருந்தது, அவ்வளவுதான்! 1916-ல் கந்தாசிரமம் போனார். அங்கே ஓர் ஊற்று. 1922-ல் தாயார் மறைந்தபிறகு அடிவாரத்தில் ஆசிரமம் உருவானபோது அருகிலேயே பாலி தீர்த்தம்.

தண்ணீர் எங்கேயோ, ஆள் அங்கே. நாலைந்து பேர் என்றால் இது சரி. ஊருக்கே என்றால்?

கிருஷ்ணதேவராயர் இதை யோசித்திருக்கிறார். பதினோரு நிலை ராஜகோபுரமும் ஆயிரங்கால் மண்டபமும் எழுப்பியவர், கூடவே சிவகங்கைக் குளத்தையும் வெட்டினார். நாம் கோபுரத்தை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு நகரத்துக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதற்கு மத்திய அரசின் குடிநீர் கையேடு உண்டு. 1999-ம் வருடப் பதிப்பின்படி, பாதாளச் சாக்கடை உள்ள ஊரில் ஆளுக்கு தினம் 135 லிட்டர். குழாயில் கசிந்து காணாமல் போவதற்கு மேலே 15 சதவிகிதம். 2011 சென்ஸஸ்படி திருவண்ணாமலை நகராட்சியின் மக்கள்தொகை 1,45,278. பெருக்கிப் பாருங்கள்... ஒரு நாளைக்கு சுமார் இரண்டே கால் கோடி லிட்டர்.

இது 2011-க்கான கணக்கு. குழாய் பதிப்பவர்கள் முப்பது வருடம் தள்ளி யோசிக்கவேண்டும். அதற்கான வழிகளில் ஒன்றைப் பார்த்ததும் பி.காம். படித்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்ம பழைய கூட்டு வட்டிதான்! 1901-ல் இந்த ஊரில் சுமார் 17 ஆயிரம் பேர். 110 வருடங்களில் எட்டரை மடங்கு. அதாவது, வருடத்துக்கு ஏறக்குறைய 2 சதவிகித வட்டி. அதே வேகத்தில் போனால் 2041-ல் இரண்டரை லட்சத்தைத் தாண்டும். கசிவைச் சேர்க்காமலே தினசரி மூன்றரைக் கோடி லிட்டர்.

ஆனால், அசல் தப்பாக இருந்தால் வட்டி எப்படிச் சரியாக வரும்? சென்ஸஸ் குடியிருப்பவர்களைத்தான் எண்ணும். பவுர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறவர்கள் சொந்த ஊர்க் கணக்கில் இருக்கிறார்கள். குடிப்பதும் கழுவுவதும் இங்கே! தீபத்தன்று பத்து லட்சம் பேர், தலைக்குப் பத்து லிட்டர் என்றே வைத்துக்கொள்வோம். ஒரே நாளில் கூடுதலாக ஒரு கோடி லிட்டர். டிசம்பரிலிருந்து ரமணாசிரமம் பக்கத்து விடுதிகளில் மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டினர் தனி.

‘சாத்தனூர் அணைதான் இருக்கிறதே’ என்பீர்கள். இருக்கிறது, 1958-லிருந்து. கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. மூன்றரைக் கோடி லிட்டரை வருடம் முழுக்க எடுத்தாலும் அதில் அரை டி.எம்.சி.கூடத் தேறாது. காகிதத்தில் பிரமாதம்! ஆனால் அதே தென்பெண்ணைத் தண்ணீரை நம்பி வயல்களும் இருக்கின்றன. அணை நிறைவது மழையின் கையில். 2024 டிசம்பர் 2-ம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்துவிட்டார்கள். 2041-ல் திருவண்ணாமலைக்கு ஒரு நாள் முழுக்கத் தேவைப்படும் தண்ணீர், அன்றைக்கு எட்டே விநாடியில் ஓடிப்போனது.

அதே 2024-ல்தான் ஊர் மாநகராட்சியும் ஆனது. சுற்றியிருந்த ஊராட்சிகளும் உள்ளே வந்தன. 2021-ல் எடுக்கவேண்டிய சென்ஸஸ் கொரோனாவால் தள்ளிப்போனதால், கூட்டு வட்டிக்கு அசலாகக் கையில் இருந்தது 2011-ம் வருடத்து எண்தான். அதில் அந்தக் கிராமத்து வீடுகள் கிடையாது. இனி அவர்களும் வாசலில் குழாய் கேட்பார்கள்.