டிரெய்லர் பின்விளக்கு

இழுத்துச் செல்லப்படும் வண்டியின் இருப்பையும் அகலத்தையும், பிரேக் பிடிப்பதையும் திரும்பும் திசையையும் பின்வருவோருக்கு உணர்த்தும் விளக்குத் தொகுதி. டிராக்டர் டிரெய்லர், படகு டிரெய்லர் இரண்டிலும் பயன்படுகிறது.

வகைகள்: குண்டு பல்பு, எல்.இ.டி. நீரில் இறங்கும் படகு டிரெய்லருக்கு நீர்புகா எல்.இ.டி. ஏற்றது, சூடான பல்பு குளிர்நீர் பட்டால் வெடிக்கக்கூடும்.

பொருத்துதல்: இரு ஓரங்களிலும் ஒரே உயரத்தில், வண்டிச் சட்டகத்தின் விளிம்புக்குள் ஒடுங்கியிருக்குமாறு பொருத்தப்படும். இரும்புக் கம்பிக்கூடு அடியிலிருந்தும், ரப்பர் வாஷர் அதிர்விலிருந்தும், குழாய் உறை ஒயரை உராய்விலிருந்தும் காக்கும். எர்த் இணைப்பில் துருப்பிடித்தால் விளக்கு மங்கும்.

சட்டம்: இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 விளக்குகளையும் பிரதிபலிப்பான்களையும் வரையறுக்கின்றன. ஐரோப்பாவில் டிரெய்லருக்கு முக்கோணச் சிவப்புப் பிரதிபலிப்பான் அடையாளம்.

முக்கியத்துவம்: தருமபுரி மாவட்டம் வத்தல்மலை போன்ற, கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைச்சாலைகளில் இரவிலும் பனிமூட்டத்திலும் பின்புற மோதலைத் தவிர்க்கும் அடிப்படைக் காப்பு இதுவே.