பிரிந்த பின்னும் பிரியாத வங்கிக் கணக்கு

கணவனைப் பிரிந்த பெண் எதைக் கொண்டு வாழ்வாள்? பிரிட்டனில் 1942-இல் பெவரிட்ஜ் தம் அறிக்கையில், அவளுக்கெனத் தனி உதவித்தொகை வேண்டும் என்றார். அரசு அதை ஏற்கவில்லை. அவள் 1948-ஆம் ஆண்டின் தேசிய உதவிச் சட்டத்தையே நாட நேர்ந்தது. ஒரே வீட்டில் வாழும் கணவன் மனைவியின் வருவாயை அச்சட்டம் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தது. ஆகவே, பிரிவு மெய்தானா என்ற விசாரணை அவள் வாசலுக்கு வந்தது.

அவ்விசாரணைக்கு ஓர் ஒழுங்கு பிந்தியே அமைந்தது. 1982-இல் சட்டத் தொகுப்பில் வெளியான ஒரு வழக்கில், ஒரே குடித்தனம், உறவின் நிலைப்பு, பணப் பகிர்வு, பிள்ளைகள் முதலியவற்றை நல்ல வழிகாட்டிகள் என நீதிபதி உல்ஃப் ஏற்றார். கூட்டுக் கணக்கு நுழைவது இங்கேதான். அது ஓர் அடையாளமே, அதுவே தீர்ப்பாகாது. (நிகாஹ் மட்டும் செய்து, அரசிடம் பதியாமல் சேர்ந்து வாழ்வோரையும் இவ்விதி தம்பதியராகவே கொள்ளும். நம்மில் பலர் இதை அறியோம்.)

இன்றைய யுனிவர்சல் கிரெடிட்டில் சேமிப்பு 6,000 பவுண்டைத் தாண்டினால் தொகை குறையும்; 16,000-ஐத் தாண்டினால் கிடைக்காது. கூட்டுக் கணக்கிலோ, மாறாக நிறுவாதவரை பாதி அவளுடையதெனக் கொள்வர். 40,000 பவுண்டில் அவள் போட்டது ஒன்றுமில்லை எனினும் 20,000 அவள் கணக்கில் ஏறும். யார் போட்ட பணம் என்பதைக் காட்டும் பழைய வங்கி அறிக்கைகளை, கணக்கிலிருந்து பெயரை நீக்குமுன்பே அவள் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.