ஆராதனை வீடியோப் பதிவு: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்ச் சபைகள்

ஆராதனை வீடியோப் பதிவு என்பது, கிறிஸ்தவ ஆலயங்களில் நடைபெறும் திருப்பலி, பிரசங்கம், ஞானஸ்நானம், விவாகம், திருநாட்பவனி முதலியவற்றை, ஒளிபரப்பு நிலையத்தாரின் பெருங்கருவிகள் எவையுமின்றி, வீட்டு உபயோகத்துக்கென விற்கப்படும் சிறு கேமராக்களைக் கொண்டு சபையார் தாமே பதிந்துகொள்ளும் வழக்கமாகும். 1924ஆம் ஆண்டைச் சேர்ந்த பிரிக்பீல்ட்ஸ் சீயோன் லுத்தரன் ஆலயம், 1928ஆம் ஆண்டைச் சேர்ந்த கிள்ளான் லூர்து மாதா ஆலயம் போன்ற உயர்ந்த கட்டடங்கள் ஒரு புறமும், கிள்ளான், மேரு போன்ற ஊர்களில் கடைவீட்டு மாடிகளில் கூடும் சிறு சபைகள் மற்றொரு புறமுமாக, மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கு அவ்வழக்கத்தின் பலவகைச் சிரமங்களையும் ஒருங்கே காட்டும் இடமாக உள்ளது.

திருச்சடங்கைத் திரையிற் காட்டும் எண்ணம் இக்கருவிகளைவிடப் பழையது. 1948ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலி பாரிஸ் நோத்ருதாம் பேராலயத்திலிருந்து தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, இத்தகைய ஒளிபரப்பு விவேகத்தோடும் மாண்போடும், ஆயர்கள் நியமித்த தகுதியுடையவரின் பொறுப்பில் நடைபெறவேண்டுமென விதித்தது. 1983இல் கேமராவையும் பதிவுக்கருவியையும் ஒரே உடலில் இணைத்து சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொணர, 1985இல் எட்டு மில்லிமீட்டர் நாடாவும் 1995இல் மினி டிவி நாடாவும் வந்த பின்னர், அவ்விதி பேராலயங்களுக்கு மட்டுமன்றிச் சிற்றாலயங்களுக்கும் பொருந்துவதாயிற்று. ரப்பர்த் தோட்டங்களை விட்டு நகரங்களுக்குச் சிதறிய குடும்பங்களுக்கும், படுக்கையிலுள்ள முதியோருக்கும், கடல் கடந்த சுற்றத்தாருக்கும் ஒரு திருமணத்தையோ திடப்படுத்துதலையோ கொண்டுசேர்க்கும் வாகனமாய் அந்நாடாக்கள் விளங்கின. கோவிட் தொற்றை முன்னிட்டு 2020 மார்ச் 18இல் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்து ஆலயக் கதவுகள் அடைபட்டபோது, விருப்பமுள்ளோர் செய்துவந்த இவ்வேலை ஞாயிறுதோறும் செய்தே தீரவேண்டிய ஊழியமாக மாறியது.

இப்பணியில் காட்சிக்கு அளிக்கும் கவனத்தினும் ஓசைக்கு அளிக்கும் கவனமே மேலானது என்பதைத் தயக்கமின்றிச் சொல்லலாம். மங்கிய காட்சியைப் பொறுத்துக்கொள்ளும் முதியவர், கேளாத பிரசங்கத்தைப் பொறுத்துக்கொள்வதில்லை. கேமராவிலேயே அமைந்த மைக், தன்னருகே உள்ளதையே முதலிற் கேட்கும் இயல்பினதாகையால், பின்வரிசையில் நிறுத்தப்பட்டால், போதகரின் குரலுக்கு முன்பாக விசிறியின் இரைச்சலையும், குழந்தையின் அழுகையையும், தகரக் கூரையிற் கொட்டும் மாலை மழையின் பேரோசையையுமே வாங்கிக்கொள்ளும். அன்றியும், ஒலியளவைத் தானாகவே சீர்செய்யும் அதன் அமைப்பு, மௌன ஜெபத்தின்போது ஓசையே இல்லையெனக் கொண்டு விசிறியின் முழக்கத்தைப் பெருக்கி, அடுத்த கணம் ஆர்மோனியமும் தபேலாவும் எழும்போது அனைத்தையும் அமுக்கிவிடுகிறது. கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனையொன்றின் பல்லவி இவ்விதம் நசுங்கிப்போவது எளிய நஷ்டமன்று. ஆலயத்து மிக்சரிலிருந்து கேமராவுக்குக் கம்பி இழுத்தல் இதற்குரிய பரிகாரமெனினும், அங்கிருந்து வரும் மின்சமிக்ஞை மைக் துளைக்கு மிகையானதாதலால், அதைத் தணிக்கும் கம்பி அவசியம். மிக்சரை மட்டுமே நம்பினாலோ, மைக்கின் முன் நிற்பவரின் குரல் தெளிவாய் வர, சபையாரின் பாட்டு முற்றிலும் மறைந்துவிடும். ஆதலின், இடப்புறத் தடத்தில் மிக்சரையும் வலப்புறத் தடத்தில் கூடத்தின் நடுவே வைத்த தனி மைக்கையும் பதிந்து, பின்னர் இரண்டையும் இசைவாகக் கலப்பதே சிறந்த முறை.

காட்சியைப் பொறுத்தவரை, வெண்ணிற அங்கியும் கருநிற முகமும் ஒரே சட்டத்தில் அமையும்போது கேமரா அங்கிக்கேற்ப ஒளியைக் குறைத்து முகத்தை இருளாக்கிவிடுமாதலால், முகத்தை நோக்கி ஒளியளவை நிலைநிறுத்திவிட வேண்டும். பாட்டு வரிகளைத் திரையில் வீசும் கடைவீட்டுச் சபைகளில் அத்திரையும் இதே கேட்டை விளைவிக்கும். மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆகையால், குழல்விளக்குகளின் கீழ் ஷட்டரை 1/50 வினாடியில் வைத்தால் காட்சி சிமிட்டாது.

அப்பமும் கிண்ணமும் உயர்த்தப்படும் எழுந்தேற்றத்தின்போது பீடத்தின் முன் குறுக்கிடுவதும் நற்கருணை பெறுவோரின் முகத்தை நெருங்கிப் பிடிப்பதும் எந்தக் காட்சிக்காகவும் அனுமதிக்கத் தகாதவை. தொலைவிலிருந்து அசையாமற் பிடித்த ஒரே காட்சி, அலைந்து திரட்டிய இருபதினும் வழிபாட்டுக்கு உகந்தது. இணையத்தில் வெளியிடுவதாயின், மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுகள் கழியும்வரை பாடலுக்கு உரிமை உண்டாதலின், பழங்கீர்த்தனைகள் தாராளமாகப் பாடத்தக்கவை. புதுப் பாடல்களுக்கு அனுமதி தேவை.

பழைய நாடாக்களின் நிலையே மிகுந்த கவலைக்குரியது. இந்நாட்டுத் தமிழர் எவ்வாறு ஜெபித்தனர், எந்த நடையிற் பிரசங்கித்தனர், எத்தாளத்திற் பாடினர் என்பதற்கு அச்சேறிய சாட்சியத்தைவிட இவையே நேர்ச்சாட்சி; ஆயினும் பள்ளத்தாக்கின் ஈரக்காற்றில் நாடா பூஞ்சணம் பிடிக்கிறது; விஎச்எஸ் இயந்திரங்களை இறுதிவரை செய்துவந்த ஜப்பானிய ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பூஞ்சணம் கண்ட நாடாவைத் துப்புரவாக்காமல் இயந்திரத்திலிட்டால், அது இயந்திரத்தின் தலையையும் அடுத்து வரும் நாடாவையும் கெடுக்கும். மினி டிவி நாடாவை ஃபயர்வயர் கம்பிவழியே கணினிக்கு மாற்றினால் தரம் குன்றாது. மணிக்குச் சுமார் 13 கிகாபைட் இடம் கொள்ளும். மாற்றிய கோப்பை இரண்டு தனித்தனி வட்டுகளில் வைத்து, தேதி, ஆலயம், போதகர், பாடகர் பெயர்களை, அவர்களை அறிந்த மூத்தோர் உயிரோடிருக்கையிலேயே கேட்டு எழுதிவைக்க வேண்டும்.