கட்டில் திரையும் பாராளுமன்றச் சட்டமும்

அறைக்கு எந்தத் திரைச்சீலை பொருந்தும் என்பதை இன்று வீட்டாரே தீர்மானித்துக் கொள்கின்றனர். துணியைத் தெரிவு செய்து அளவைக் கொடுத்தால் தைத்து வந்துவிடும். இந்தத் தெரிவில் பாராளுமன்றமே தலையிட்ட காலமொன்று இங்கிலாந்தில் இருந்தது. சிக்கலுக்குக் காரணம் இந்தியாவிலிருந்து, சிறப்பாகச் சோழமண்டலக் கரையிலிருந்து, கப்பலேறிய சீட்டித் துணி.

அக்காலத்து வசதி படைத்த ஆங்கிலேயரின் வீட்டில் கட்டில் என்பது அறைக்குள் இன்னோர் அறை. நான்கு கால்களிலும் திரை தொங்கும். குளிரையும் பிறர் பார்வையையும் அதுவே தடுத்தது. ஆகவே, திரைத் துணியில் வீட்டாரின் அந்தஸ்தும் தெரிந்தது. கம்பளியும் பட்டும் ஆண்ட அந்த இடத்துக்குத்தான் பருத்திச் சீட்டி புகுந்தது. துவைத்தாலும் சாயம் போகாத துணியை ஐரோப்பா அதுவரை அதிகம் கண்டதில்லை.

வாங்குவோரின் விருப்பத்துக்கேற்ப வரைந்து கொடுக்கும் வழக்கமும் விரைவில் வந்தது. மங்கிய சிவப்புத் தளத்தை எல்லோரும் விரும்புவதில்லை, வெண்தளத்தில் பூவும் கிளையும் வேண்டும் என்று 1643 ஆம் ஆண்டிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் இயக்குநர்கள் சூரத்துக்கு எழுதினர். 1663 செப்டெம்பரில் சாமுவேல் பீப்ஸ் தம் மனைவியின் புதிய படிப்பறைச் சுவருக்குச் சீட்டி வாங்கியதை நாட்குறிப்பில் பதிவு செய்துள்ளார்.

உள்ளூர் நெசவாளருக்கு இது வயிற்றுப் பிரச்சினை. இந்தியச் சீட்டியை நாட்டுக்குள் பயன்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் 1700 இல் வந்தும் அவர்கள் அமைதியடையவில்லை. 1719 இல் லண்டன் ஸ்பிற்றல்பீல்ட்ஸ் நெசவாளர்கள் சீட்டி உடுத்திய பெண்களைத் தெருவில் மறித்து ஆடைகளைக் கிழித்தனர். அவர்களின் வறுமை மெய்யானது. அதன் தண்டனையைப் பெண்கள் அனுபவித்ததுதான் கொடுமை. 1721 ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் கடுமையானது. உடுத்தினால் 5 பவுண் தண்டம். கட்டிலிலோ கதிரையிலோ யன்னலிலோ போட்டால் 20 பவுண்!

இதில் அகப்பட்டவர்களில் புகழ் பெற்றவர் நடிகர் டேவிட் கரிக். அவர் செய்த உதவிக்கு நன்றியாகக் கல்கத்தா நாடக நண்பர்கள் மசூலிப்பட்டினத்தில் வரைந்த கட்டில் திரைகளை அவர் மனைவிக்கு அனுப்பினர். 1774 இல் சட்டம் தளர்த்தப்பட்டபோதும், அந்தத் தளர்வு பிரித்தானியாவில் அச்சிட்ட பருத்திக்கு மட்டுமே. 1775 இல் சுங்க அதிகாரிகள் திரைகளைக் கைப்பற்றினர். மனைவியின் துயரத்தை நகைச்சுவை கலந்து விவரித்துத் திறைசேரிச் செயலாளருக்குக் கரிக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. திரைகள் இறுதியில் ஹாம்ப்டன் மாளிகைக் கட்டிலில் தொங்கின. இப்போது அவை லண்டன் விக்டோரியா அல்பேர்ட் நூதனசாலையில் உள்ளன. கட்டிலைச் செய்தது தோமஸ் சிப்பென்டேலின் பட்டறை என்று அறிகிறோம். திரையை வரைந்த கைகள் எவருடையவை என்பதை எழுதிவைக்க எவருக்கும் தோன்றவில்லை.

அந்தக் கைகளின் வித்தை சிறிதன்று. கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் துணியைத் தோய்ப்பர். பாலின் கொழுப்பு வண்ணம் பரவாமல் தடுக்கும். பின்னர் மூங்கில் எழுதுகோலால் கறுப்புக்கு இரும்பு ஊறிய நீரையும், சிவப்புக்குப் படிகார நீரையும் தீட்டுவர். படிகாரத்தில் சிவப்பு இல்லை. சாயவேருடன் கொதிக்க வைக்கும்போதே அது பட்ட இடம் சிவக்கும். அவுரி நீலம் ஏற வேண்டாத இடங்களுக்கு மெழுகு பூசுவர். இம்முறையைப் பிரெஞ்சுப் பாதிரியார் கேர்தூ 1742 இல் எழுதி அனுப்பினார். தம்மிடம் வந்த கிறிஸ்தவத் தொழிலாளரிடமே அவர் கேட்டறிந்தார். தொழில் இரகசியம் கைமாறிய விதம் அது. பிரான்ஸ் தன் தடையை 1759 இல் நீக்க, மறு ஆண்டே ஒபர்காம்ப் என்பவர் ஜூயி என்ற ஊரில் அச்சுச் சீட்டித் தொழிற்சாலையைத் தொடங்கினார்.

அந்தச் சிவப்பில் நமது மண்ணுக்கும் பங்குண்டு. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மணற்பாங்கான நிலங்களில் சாயவேர் தானாக வளர்ந்தது. ஒல்லாந்தர் அதனைத் தோண்டும் உரிமையைத் தம் கையில் வைத்திருந்தனர். தோண்டுவது குறிப்பிட்ட மக்களின் கட்டாயக் கடமையாகவும் இருந்தது. வேரில் உள்ள சிவப்புப் பொருளான அலிசரினைத் தொழிற்சாலையில் செய்யும் முறைக்கு 1869 இல் காப்புரிமை பெறப்பட்டது. அதன்பின் அந்த வேரைத் தேடுவோர் குறைந்தனர்.