ஆலயம் கிடைத்தது, அவையில் இடமில்லை: பிலடெல்பியாவின் புனித தாமஸ் தேவாலயம்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1794 ஜூலை 17 அன்று திறக்கப்பட்ட புனித தாமஸ் ஆப்பிரிக்க எபிஸ்கோப்பல் தேவாலயம், ஆங்கிலிக்கன் மரபில் வந்த எபிஸ்கோப்பல் திருச்சபையின் முதல் கறுப்பினச் சபையாகும்.

அதன் பிறப்புக்குக் காரணம் இருக்கை. அந்நகரின் புனித ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்தில் கறுப்பின மக்கள் பெருகியபோது அவர்களைச் சுவரோரம் அமர்த்தினர். பிறகு மாடத்துக்கு அனுப்பினர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, முழந்தாளிட்டு இருந்த ஆப்சலோம் ஜோன்ஸை நிருவாகிகள் பிடித்து இழுத்தனர். செபம் முடியும்வரை பொறுக்குமாறு அவர் கேட்டும் விடவில்லை. செபம் முடிந்ததும் கறுப்பின மக்கள் ஒன்றாக வெளியேறினர். இருக்கை என்பது எவ்வளவு பெரிய கேள்வி என்பதை இத்தளத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஜோன்ஸ் 1746இல் அடிமையாகப் பிறந்தவர். தாய் அடிமையெனில் பிள்ளையும் அடிமை என்பது அன்றைய சட்டம். ஆகவே உழைத்துச் சேர்த்த பணத்தில் முதலில் மனைவியின் விடுதலையை வாங்கினார். அவர் விடுதலை பெற்றது 1784இல்தான். 1787இல் ரிச்சர்ட் ஆலனுடன் சேர்ந்து சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கத்தைத் தொடங்கினார். 1793இல் மஞ்சள் காய்ச்சல் ஏறக்குறைய 5,000 பேரைக் கொன்றபோது, இவ்விருவரின் முன்முயற்சியால் கறுப்பின மக்கள் நோயாளிகளைப் பேணினர், பிணங்களை அடக்கம் செய்தனர். அதற்குக் கைம்மாறாக வந்தது கொள்ளையடித்தனர் என்ற பழி. வரவு செலவுக் கணக்குடன் நூல் வெளியிட்டு இருவரும் அதை மறுத்தனர்.

ஆலன் மெதடிஸ்டாகவே நீடித்து பெத்தேல் ஆலயத்தை நிறுவினார். பெரும்பான்மையோர் எபிஸ்கோப்பல் திருச்சபையில் இணைய முடிவு செய்து, தங்கள் காரியங்களைத் தாங்களே நடத்தும் உரிமையை நிபந்தனையாக வைத்தனர். மறைமாவட்டம் அதனை ஏற்றது. ஆனால் கிரேக்க, இலத்தீன் மொழித் தகுதியிலிருந்து ஜோன்ஸுக்கு விலக்களித்தபோது, மறைமாவட்டப் பேரவைக்கு இச்சபை பிரதிநிதிகளை அனுப்பக் கூடாது என்று விதித்தது. குருத்துவம் கிடைத்தது, வாக்கு கிடைக்கவில்லை. ஜோன்ஸ் 1795இல் டீக்கனானார், பின்னர் அத்திருச்சபையின் முதல் கறுப்பினக் குருவானார், 1818இல் மறைந்தார். பேரவைக் கதவு திறந்ததோ 1860களில், அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில். மொழித் தகுதி வெறும் சாக்கு என்பதற்கு இந்த எழுபதாண்டுக் காத்திருப்பே போதிய சான்று.

சபை பலமுறை இடம்பெயர்ந்து, இன்று நகரின் மேற்கே லங்காஸ்டர் சாலையில் வழிபடுகிறது. ஜோன்ஸின் அஸ்தி அங்குள்ள பலிபீடத்தில் வைக்கப்பட்டுள்ளது. பிப்ரவரி 13 அவரது நினைவு நாள். அந்நாளையொட்டி எபிஸ்கோப்பல் ஆலயங்களில் திரட்டப்படும் காணிக்கை, திருச்சபையோடு தொடர்புடைய கறுப்பினக் கல்லூரிகளுக்குச் செல்கிறது.