இடும்பன்: முதல் காவடி சுமந்த அசுரர்

தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி ஆலயத்தின் 513 படிகளில் ஏறும் காவடிகளுக்கெல்லாம் முன்னோடி ஓர் அசுரர். அவர் பெயர் இடும்பன்.

புராணக் கதை: அகத்தியரின் சீடரான இடும்பன், சிவகிரி, சக்திகிரி என்ற இரு குன்றுகளைத் தடியில் கட்டித் தோளில் சுமந்து தெற்கே வந்தார். பழனியில் இறக்கி வைத்த சுமையை மீண்டும் தூக்க முடியவில்லை. குன்றின்மேல் நின்ற சிறுவனை முருகன் என்று அறியாமல் எதிர்த்துப் போரிட்டு மாண்டார். முருகன் அருளால் உயிர்பெற்றவர், மலைக்குக் காவலரானார். தம்மைப்போல் காவடி சுமந்து வருவோருக்கு அருள வேண்டும் என்றும் வரம் பெற்றார். பழனி படிவழியில் அவருக்குச் சந்நிதி உண்டு.

சொல் விளக்கம்: ரிக் வேதத்தின் பழைய பகுதிகளில் 'அசுர' என்பது வருணன் போன்ற தெய்வங்களுக்குரிய சிறப்புப் பெயர், ஆற்றல் மிக்கவர் என்று பொருள். தேவர்களின் பகைவர் என்ற பொருள் பிற்பாடு நிலைத்தது. ராட்சசர் வேறு இனம், தமிழில் அரக்கர். அதே சொல்தான் மலாயில் 'ரக்சாசா' என்று வழங்குகிறது; மிகப் பெரியதையும் அது குறிக்கும். பேய் என்பதோ இறந்தவரின் ஆவி. ஆங்கிலத்தில் இம்மூன்றையும் 'டெமன்' என்றே எழுதிவிடுகிறார்கள்.

எனவே, இடும்பன் யார் என்று பிள்ளைகள் கேட்டால் 'பேய்', 'ஹந்து' என்று சொல்லிவிட வேண்டாம். முருகன் ஆட்கொண்ட அசுரர், முதல் காவடி சுமந்த அடியார் என்றே சொல்லிக்கொடுங்கள்.