மசக்கை இல்லாவிட்டால் பயப்பட வேண்டுமா?

முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது எனக்கு வாந்தி இல்லை, தலைசுற்றல் இல்லை. ரத்தோட்டை வீட்டுக்கு வந்த பெரியம்மா, "ஒன்னுமே இல்லையா? பிள்ளை நல்லா இருக்கான்னு பார்த்தியா?" என்றார். அன்றிரவு நான் தூங்கவில்லை.

கர்ப்பிணிகள் 100 பேரில் ஏறக்குறைய 70 முதல் 80 பேருக்கு மசக்கை வருகிறது. வராதவர்களும் சுகமாகவே பிள்ளை பெறுகிறார்கள். முதல் கர்ப்பத்தில் பிள்ளையின் அசைவும் 20ஆவது வாரமளவில்தான் பலருக்குத் தெரியும். அதற்குமுன் ஒன்றும் தெரியாமல் இருப்பது குறையல்ல.

எனக்குக் கவலை வேறு. "உடம்புக்கு ஒன்னுமில்ல, இன்னைக்குப் பேர் போயிரும்" என்று கொழுந்துக்குப் போய், கிளினிக்கில் பிந்திப் பதிகிற பெண்களை இங்குள்ள தோட்டங்களில் பார்க்கிறேன். 8 வாரத்துக்குள் பதிய வேண்டும். இரத்தச்சோகை, உயர் இரத்த அழுத்தம், கர்ப்பகால நீரிழிவு மூன்றும் பல வேளைகளில் அறிகுறியே காட்டாது, பரிசோதித்தால்தான் தெரியும்.

இரத்தம் பட்டாலோ, வயிறு கடுமையாக வலித்தாலோ, தெரிந்துகொண்டிருந்த அசைவு குறைந்தாலோ கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஹீமோகுளோபின் 11க்குக் குறைந்தால் இரத்தச்சோகை. "நல்லா இருக்கேன் மிஸ்" என்று நான் சொன்ன நாளில், மிட்வைஃப் என் அட்டையில் எழுதியது 9.8.